எட்டுப் பேருக்கு இரண்டு ஜிபியு: ஏலம் வைத்தால் நியாயம் கிடைக்குமா?

கடல்முகம் | வெள்ளி, இரவு 11.50

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் ஒரு கணினி ஓடுகிறது. எட்டுப் பேர் சமமாகக் காசு போட்டு வாங்கியது. பெரிய கணக்குகளை வேகமாகப் போடும் ஆர்டிஎக்ஸ் 3090 ஜிபியு (வரைகலைச் செயலி) இரண்டு, ஒவ்வொன்றிலும் 24 ஜிபி நினைவகம். ஒரே நேரத்தில் 32 திரெட் (வேலை இழை) ஓடும் சிபியு, 128 ஜிபி ராம். மின்சாரப் பில்லை மாதக் கடைசியில் எட்டாகப் பிரிப்போம். வீடு எங்களுடையது என்பதால் தூசு தட்டுவது முதல் சண்டை தீர்ப்பது வரை என் பொறுப்பு.

யார் எதற்குப் பாவிக்கிறார்கள் என்று சொன்னால்தான் பிரச்சினை விளங்கும். ஒருவர் மூதூர்ப் பக்கத்துப் பேச்சை எழுத்தாக மாற்றும் செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒன்றைப் பயிற்றுகிறார். தொடங்கினால் இரண்டு நாள் விடாமல் ஓடும். ஒரு அக்கா செய்மதிப் படங்களை வைத்துக் கொட்டியாரக்குடாவில் கடற்புல் எங்கே குறைகிறது என்று பார்க்கிறார். அவருக்கு ஜிபியுவை விட ராம்தான் வேண்டும். இரண்டு பேர் கல்யாண வீடியோவும் முப்பரிமாண அசைபடமும் செய்பவர்கள். மூன்று பேர் இறுதியாண்டுப் பிள்ளைகள். எட்டாவது நான். பழைய காணி உறுதிகளின் கையெழுத்தை வாசிக்கக் கணினியைப் பழக்குகிறேன்.

முதல் ஆறு மாதம், வாட்ஸ்அப் குழுவில் "நான் எடுக்கிறேன்" என்று முதலில் போட்டவருக்குத்தான் முறை. எடுத்தவர் விடமாட்டார். நிரல் எழுதி ஓட்டும் ஜூபிடர் நோட்புக்கைத் திறந்தபடி வைத்துவிட்டுத் தூங்கிவிடுவார். போய்ப் பார்த்தால் 22 ஜிபி பிடித்தபடி இருக்கும், வேலை ஒன்றும் நடக்காது. சரி என்று ஒரு விதி போட்டேன்: அரை மணி நேரம் சும்மா இருந்தால் நிறுத்திவிடுவேன்.

போன ஆனியில், கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு இரவு, இரண்டு மணிக்கு விசிறி கத்துகிற சத்தத்தில் எழும்பினேன். கீழே இருந்து அம்மா, "மகள், மேலே என்ன பிள்ளை ஓடுது?" என்று கேட்டார். போய்ப் பார்த்தால் ஒருவருடைய கணக்கில் ஒரு சின்ன நிரல். இரண்டு பெரிய எண் அணிகளை (மேட்ரிக்ஸ்) பெருக்கும், விடையை எறியும், மறுபடி பெருக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. என் விதி அவரைத் தூக்கிவிடாமல் இருக்க எழுதியிருக்கிறார். எல்லோருடைய மின்சாரத்தையும் எரித்துத் தன் இடத்தைக் காத்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த நாள் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "விட்டால் மூன்று நாளைக்கு எனக்குக் கிடைக்காது. நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அதற்குப் பிறகு, கேட்கும்போது "அவசரம்" அல்லது "ஆறுதலாக" என்று எழுதச் சொன்னேன். இரண்டாவது கிழமையிலிருந்து எட்டுப் பேருக்கும் அவசரம். அப்படி ஒரு கிழமையில்தான் ஒரு பிள்ளையின் இறுதியாண்டு ஆய்வுக்கு நாள் நெருங்கியது. அவளுடைய அவசரம் உண்மையானது. அவளுக்கு முன்னால் நின்ற அவசரம், ஒரு கல்யாண வீடியோவில் சேலையின் நிறத்தைக் கொஞ்சம் மாற்றி மறுபடி எடுப்பது. அவள் தன் மடிக்கணினியில், தரவில் காற்பங்கை மட்டும் வைத்து ஓட்டி முடித்துக் கொடுத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

இப்போது ஏலம் வைக்கலாம் என்று யோசிக்கிறேன். உண்மையில் யாருக்கு எவ்வளவு வேண்டும் என்பதை வாயால் கேட்டால் வராது, விலை வைத்தால் வரும் என்று படித்திருக்கிறேன். ஆனால் காசுக்கு ஏலம் என்றால் மூன்று மாணவர்களும் வெளியே போய்விடுவார்கள். இப்படிச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எங்கே தொடங்குவது? ஏலம் எந்த வகை?

---

தம்பலகாமத்தான் | சனி, காலை 6.15

தங்கச்சி, நான் பதினொரு வருடமாகப் பொதுக் கணினித் தொகுதிகளைப் பராமரிக்கிறேன். முதலில் ஒன்று: அந்த அணிப் பெருக்கல் தம்பியை மன்னித்துவிடுங்கள். 2011இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளப் பங்கீடு பற்றி எழுதிய ஒரு கட்டுரையில் இதே கதை வருகிறது. ஒரு பெரிய தேடுபொறி நிறுவனம், கணினியை நன்றாகப் பாவிப்போம் என்று உறுதி சொல்பவர்களுக்கே தனிக் கணினிகள் கொடுத்தது. ஆட்கள் தங்கள் நிரல்களுக்குள் முடிவில்லாத சுற்றுகளைத் தூவி வைத்தார்கள். நீங்கள் அளந்தது ஓட்டத்தை. அவர் ஓட்டத்தைக் கொடுத்தார்.

எங்கள் வயல் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளைவது, வாய்க்காலின் கடைசிப் பக்கம். சின்ன வயதில் அப்பாவோடு இரவில் தண்ணீர் பார்க்கப் போவேன். தலைப்பக்கத்துக்காரர் தன் வயல் நிரம்பி வரம்பு தளும்பினாலும் வக்கடையை, தண்ணீர் பாயும் வரம்பு வாயை, மூடமாட்டார். அவர் கெட்டவர் இல்லை. அடுத்த தண்ணீர் எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாது. விவசாயிகளின் கன்னக் கூட்டத்தில் நாள் குறித்து, தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை அந்த நாளில் தவறாமல் திறந்துவிட்ட போகங்களில் அதே மனிதர் தானாகவே மூடினார். உங்கள் நோட்புக் பிரச்சினை இதுதான். இடத்தை விட்டால் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று தெரியாதவரை யாரும் விடமாட்டார்கள், என்ன தண்டனை போட்டாலும்.

ஆகவே ஏலத்துக்கு முன்பு முறை. ஸ்லர்ம் போடுங்கள், வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருள் அது. ஒரே ஒரு கணினியிலும் அது ஓடும். ஒவ்வொருவரும் வேலையை வரிசையில் போட வேண்டும், எவ்வளவு நேரம் என்று சொல்ல வேண்டும், சொன்ன நேரம் முடிந்தால் வேலை நிற்கும். குறைத்துச் சொன்னால் பாதியில் நிற்கும், கூட்டிச் சொன்னால் வரிசையின் இடைவெளிகளில் நுழைய முடியாது. அதனால் சரியாகச் சொல்வதே ஆளுக்கு லாபம். அதில் நியாயப் பங்கு என்று ஒரு கணக்கும் உண்டு: சமீபத்தில் கூடப் பாவித்தவர் பின்னுக்குப் போவார், குறையப் பாவித்தவர் முன்னுக்கு வருவார். பழைய பாவனையின் எடை ஏழு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும், அமைப்பில் இயல்பாக வருவது அது. யாரும் காலாகாலத்துக்கும் கடனாளி இல்லை.

கடற்புல் அக்காவுக்கும் அசைபடக்காரருக்கும் நடக்கும் இழுபறிக்கு ஏலமே வேண்டாம். நான் சொன்ன அந்த 2011 கட்டுரையின் முறை இதற்கென்றே பிறந்தது. ஒவ்வொருவரும் எந்த வளத்தில் மிகப் பெரிய பங்கைத் தின்கிறாரோ அந்தப் பங்கைச் சமப்படுத்துவது. அக்காவின் ஒரு வேலைக்கு 2 திரெட்டும் 16 ஜிபி ராமும் என்று வைப்போம், அவருடைய பெரும்பங்கு ராமில் எட்டில் ஒன்று. அசைபடக்காரரின் ஒரு வேலைக்கு 4 திரெட், 4 ஜிபி. அவருடைய பெரும்பங்கு சிபியுவில் எட்டில் ஒன்று. கணினியை நேர்பாதியாகப் பிரித்துக் கொடுத்தால் ஆளுக்கு 4 வேலை ஓடும். பெரும்பங்கைச் சமப்படுத்தினால் ஆளுக்கு 5 வேலை ஓடும், 30 திரெட்டும் 100 ஜிபியும் போக இன்னும் மீதி இருக்கும். இரண்டு பேருக்கும் கூடுகிறது. பொய் சொல்லி ராம் கூடக் கேட்டால் கேட்டவருடைய பெரும்பங்குதான் ஏறும், வேலை எண்ணிக்கை குறையும். இதைவிட அழகான கணக்கை நான் என் தொழிலில் பார்த்ததில்லை.

மீதி இருப்பது, எல்லோருக்கும் ஒரே நேரம் வேண்டும் என்ற சண்டை. அதற்கு மட்டும் ஏலம். அது பழைய யோசனைதான். 1968இல் ஐவன் சதர்லாந்து என்ற கணினி அறிஞர், ஹார்வர்டில் ஒரு பிடிபி-1 கணினியின் நேரத்தை ஏலத்தில் பங்கிட்ட விதத்தை எழுதினார். ஆட்களுக்கு "யென்" என்று ஒரு பொய்க்காசு, வேலையின் முக்கியத்தைப் பொறுத்துக் கூடவோ குறையவோ. கேட்டு எடுத்த நேரம் கடந்ததும் யென் அவர் கைக்கே திரும்பிவிடும். கையிருப்புக் குறைந்தவரும் ஆள் நெருக்கமில்லாத நேரத்தை மலிவாக எடுக்கலாம். உண்மைக் காசைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். காசு, யாருக்கு அவசரம் என்பதோடு யாரிடம் வசதி இருக்கிறது என்பதையும் சேர்த்தே காட்டும். உங்களுக்குத் தேவை முதலாவது மட்டும்.

---

சல்லிக்கரை | சனி, காலை 9.40

நான் இரண்டாம் வருடம் படிக்கிறேன், எங்கள் குடும்பம், கரையில் நின்று வலை இழுக்கும் கரைவலைக் குடும்பம். ஏலம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம். பொய்க்காசு என்றாலும் கடைசியில் கெட்டிக்காரன்தான் சேர்ப்பான். கரைவலையில் முறை இருக்கிறது. இன்று இந்தப் பாட்டில், அதாவது வலை இழுக்கும் இந்தக் கரைத்துண்டில், இவருடைய வலை, நாளை மற்றவருடைய வலை. மீன் பட்டாலும் படாவிட்டாலும் உன் நாள் உன்னுடையது. யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. எட்டுப் பேருக்கு இது போதாதா?

ஆனால் முறைக்கும் ஒரு கெடுதி இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். பொதுவளங்கள் பற்றி எழுதி 2009இல் பொருளியல் நோபல் பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம், நம் நாட்டின் தென்கரையில் மாவெல்ல என்ற ஊரின் கரைவலையை ஆராய்ந்த தரவுகளை எடுத்துப் பேசுகிறார். அங்கே முறை ஒழுங்காக நடந்தது, சண்டை இல்லை. ஆனால் வலைகளின் எண்ணிக்கையை யாராலும் நிறுத்த முடியவில்லை. வலை கூடக் கூட நல்ல நாள் ஒவ்வொருவருக்கும் வருடத்தில் சில தடவைதான் வந்தது. எல்லோரும் நியாயமாக ஏழையானார்கள். அக்கா, ஒன்பதாவது ஆளைச் சேர்க்கும் முன் பத்துத் தடவை யோசியுங்கள்.

---

பாலத்தடி | சனி, பிற்பகல் 2.05

கிண்ணியாவிலிருந்து எழுதுகிறேன். வாப்பாவுக்கு மீன் கமிஷன் கடை. விடியற்காலையில் ஏலம் பார்த்துவிட்டுப் பிறகு என் மென்பொருள் வேலைக்கு உட்காருவேன், பட்டப்படிப்பில் ஆய்வு செய்ததும் ஏலம் பற்றித்தான். அதனால் இரண்டு பக்கமும் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

திறந்த ஏலம் வேண்டாம். மீன் ஏலத்தில் நடப்பது இது: நாலு வியாபாரிகள் ஒன்றாக நிற்பார்கள், ஒருவர் மட்டும் கேட்பார், மற்றவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். பெட்டி மலிவாகப் போனதும் பின்னால் போய்த் தங்களுக்குள் பிரிப்பார்கள். எல்லோரும் எல்லோருடைய முகத்தையும் பார்ப்பதால்தான் இது முடிகிறது. ஒருவர் வாக்கு மீறினால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். மூடிய ஏலத்தில், தனியாக எழுதிக் கொடுக்கும்போது, அந்த ஒப்பந்தத்தைக் காப்பாற்றுவது கஷ்டம்.

மூடிய ஏலத்திலும் கேட்ட விலையைக் கட்டச் சொல்லாதீர்கள். அப்படிச் செய்தால் மற்றவர் என்ன எழுதியிருப்பார் என்று ஊகிப்பதே வேலையாகிவிடும். 1961இல் வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர் காட்டிய வழி இருக்கிறது. பெரிய கேள்விக்காரருக்கு, அதாவது கூடிய விலை எழுதியவருக்குப் பொருள், ஆனால் அவர் கட்டுவது இரண்டாவது பெரிய கேள்வியின் விலை. உங்களுக்கு 40 பெறுமதி என்றால் 40 எழுதுவதுதான் எப்போதும் நல்லது. 30 எழுதினால் விலை குறையாது, தோற்கும் சந்தர்ப்பம் மட்டும் கூடும். 50 எழுதினால் 45க்கு எடுத்து நட்டப்படும் ஆபத்து. உண்மை சொல்பவருக்கு நட்டமில்லாத ஏலம். 1992இல் செராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஸ்போன் என்ற அமைப்பை இப்படித்தான் கட்டினார்கள். அலுவலகத்தில் சும்மா இருக்கும் கணினிகளின் நேரத் துண்டுகளை இரண்டாம் விலை ஏலத்தில் விட்டார்கள், கேட்டது மனிதர்கள் இல்லை, நிரல்கள்.

அமேசான் பாடத்தையும் நினைவில் வையுங்கள். 2009 டிசம்பரில், வாடகைக்கு விடும் கணினிகளில் மீதியாகக் கிடந்தவற்றை ஏலத்தில் விடத் தொடங்கினார்கள். 2017 கடைசியில், கேள்வி எழுதத் தேவையே இல்லாமல், விலை மெதுவாக அசையும்படி மாற்றினார்கள். என் அனுபவத்தில் ஆட்களுக்கு ஒவ்வொரு நாளும் கேள்வி எழுதிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. கிழமைக்கு ஒருதரம், ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டும். எழுதாமல் விட்டால் பூச்சியம் என்று வையுங்கள், தண்டனை வைக்காதீர்கள்.

சல்லிக்கரைத் தம்பிக்கு: முறை நல்லதுதான். ஆனால் அந்தப் பிள்ளையின் ஆய்வு நாள் அவளுடைய முறையில் வராவிட்டால்? மீன் எந்த நாளில் வரும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் எல்லா நாளும் ஒன்று. ஆய்வு நாள் அப்படி இல்லை. அவளுக்கு அது முன்பே தெரியும்.

---

கடல்முகம் | ஞாயிறு, இரவு 10.30

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று முழுக்க இதே யோசனை. தம்பலகாமத்து அண்ணா சொன்ன வக்கடைக் கதையை வாசித்துவிட்டு அந்த அணிப் பெருக்கல் ஆளுக்குத் தொலைபேசி எடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

இதுதான் என் திட்டம். ஒரு நாளை ஆறு ஆறு மணி நேரமாக நாலாகப் பிரித்தால், இரண்டு ஜிபியுவுக்குக் கிழமைக்கு 56 துண்டு. சண்டை நடப்பது மாலை 6 முதல் நள்ளிரவு வரை. வேலையால், படிப்பால் வந்தவர்கள் உட்கார்ந்து பார்த்துத் திருத்தும் நேரம் அது. அந்த 14 துண்டு மட்டும் ஏலம், மீதி 42 ஸ்லர்மின் வரிசைக்கு. நீளமாக ஓடுபவர்கள் மாலை ஆறுக்குச் சேமித்து நிறுத்தி நள்ளிரவில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், எழுதிப் பார்த்துவிட்டேன். ஆளுக்கு 100 "சிப்பி", அதுதான் எங்கள் பொய்க்காசு. ஞாயிறு இரவு மூடிய கேள்வி, இரண்டாம் விலை.

எங்கள் மின்மானி நேரப்படிக் கட்டணத்தில் இருக்கிறது. மாலை 6.30 முதல் 10.30 வரைதான் அலகு மிக விலை, இரவு 10.30க்குப் பிறகு மலிவு. அதனால் மாலைத் துண்டுக்குக் குறைந்த விலை 10 சிப்பி. யாரும் அந்த 10 கூடத் தராவிட்டால் ஜிபியு தூங்கட்டும்.

ஒரு இடத்தில் முட்டிக்கொண்டேன். கட்டிய சிப்பி எங்கே போவது? அழித்துவிட்டால் ஒரு மாதத்தில் ஒருவரிடமும் இராது. ஒவ்வொரு கிழமையும் புதிதாகக் கொடுத்தால், இந்தக் கிழமை பொறுத்திருந்தவருக்கு அதனால் பயனில்லை, எல்லோரும் சும்மா செலவழிப்பார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா இருபது வருடமாகச் சீட்டுத் தாச்சி, சீட்டுப் பிடித்து நடத்துபவர். பருப்பு அரித்துக்கொண்டே, "இதென்ன பெரிய விசயம், கழிவைப் பிரிக்கிற மாதிரிப் பிரி" என்றார்.

ஏலச் சீட்டில் அவசரக்காரர் கூடக் கழிவு விட்டு, அதாவது தனக்கு வரும் தொகையைக் கூடக் குறைத்துக்கொண்டு, சீட்டை எடுப்பார். அந்தக் கழிவு மற்றவர்களுக்குப் பிரியும். பொறுத்தவருக்குப் பொறுத்ததற்குக் கூலி. ஆகவே வென்றவர் கட்டும் சிப்பியை மற்ற ஏழு பேருக்கும் பிரித்துவிடலாம் என்று நினைக்கிறேன். மொத்தம் எப்போதும் 800. சரிதானே?

---

பாலத்தடி | ஞாயிறு, இரவு 11.20

உங்கள் அம்மாவுக்கு என் மரியாதை. ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் அம்மாவிடமே கேளுங்கள். சீட்டில் காசு தேவையே இல்லாத ஒருவர், மற்றவருக்கு அவசரம் என்று தெரிந்துகொண்டு கழிவை ஏற்றிவிட்டுப் பின்வாங்குவார். கழிவு கூடினால் அவருடைய பங்கும் கூடும் அல்லவா? உங்கள் முறையிலும் இரண்டாவதாக வருபவரின் கேள்விதான் விலை. தோற்கப் போகிறவர் தன் கேள்வியை உயர்த்தினால் தோற்றபடியே கூடுதல் சிப்பி வாங்குவார். விக்ரியின் உண்மை அங்கே உடைகிறது. பங்கு கொடுங்கள், ஆனால் தன் பங்கைத் தன் கேள்வியால் யாரும் அசைக்க முடியாதபடி கொடுங்கள்.

---

தம்பலகாமத்தான் | திங்கள், காலை 5.50

பாலத்தடி சொன்னது முழுக்கச் சரி. அதற்குத் தீர்வும் இருக்கிறது. 2006இல் ருஜியேரோ கவாலோ என்ற ஆய்வாளர் எழுதியது. எட்டுப் பேருக்கு இப்படி வரும்: ஒருவருக்குப் பங்கு கணக்கிடும்போது அவருடைய கேள்வியை எடுத்துவிடுங்கள். மற்ற ஏழு கேள்விகளில் இரண்டாவது பெரியது எதுவோ, அதில் எட்டில் ஒன்று அவருக்கு. வென்றவருக்கும் இதே கணக்குத்தான்.

கேள்விகள் 40, 30, 20, மற்ற ஐவரும் பூச்சியம் என்று எடுங்கள். 40காரர் துண்டை எடுத்து 30 கட்டுகிறார். 40காரரையோ 30காரரையோ எடுத்துவிட்டால் மீதியில் இரண்டாவது 20, ஆகவே அவர்கள் இருவருக்கும் ஆளுக்கு 2.5. மற்ற ஆறு பேரில் யாரை எடுத்தாலும் இரண்டாவது 30தான், ஆளுக்கு 3.75. மொத்தம் 27.5 திரும்பிவிட்டது, மீதி 2.5. கட்டியதைவிடக் கூட ஒருபோதும் பிரியாது. யார் என்ன எழுதினாலும் தன் பங்கு அசையாது. அந்த மிஞ்சியதை மாத முடிவில் எட்டாகப் பிரித்து எல்லோருக்கும் போட்டுவிடுங்கள். ஒரு கிழமையின் கேள்விக்கும் அதற்கும் உள்ள தொடர்பு மிக மெல்லியது, அதற்காக யாரும் கள்ளக் கணக்குப் போடமாட்டார்கள்.

இன்னும் ஒன்று. சிப்பிக்கு வெளியே பெறுமதி இல்லை, அடுத்த கிழமைகளில்தான் பெறுமதி. அதனால் புத்தகத்தில் உள்ள விக்ரி கணக்கு அப்படியே பொருந்தாது. எவ்வளவு சேர்ப்பது என்ற யோசனை எல்லோருக்கும் இருக்கும். மேல் வரம்பு வையுங்கள், 200 போதும். அதற்கு மேல் சேர்ந்தால் மற்றவர்களுக்குப் பிரியட்டும்.

பிறகு, ஒரு ஜிபியு பழுதாகும் நாள் வரும். சூட்டுக்காக ஒன்றை நிறுத்தும் நாளும் வரும். இப்போதே முடிவு செய்யுங்கள். சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் போதாது என்றால் எங்கள் பக்கம் பெத்ம செய்வார்கள். குளத்துக்குக் கிட்டிய வயலை மட்டும் விதைத்து, அதை எல்லாக் காணிக்காரருக்கும் அவரவர் பங்கின்படி பிரிப்பார்கள். கடைசி வாய்க்கால்காரனான என் அப்பாவுக்கும் அந்தப் போகத்தில் தலைப்பக்கத்தில் ஒரு துண்டு இருக்கும். உங்களுக்கும் அப்படித்தான்: பழுதான ஜிபியுவில் துண்டு எடுத்திருந்தவர் மட்டும் நட்டப்படக் கூடாது. கட்டிய சிப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இருப்பதை எட்டாகப் பிரியுங்கள்.

---

கடல்முகம் | ஆறு கிழமைக்குப் பிறகு, வியாழன், இரவு 12.40

வந்து சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ஐந்து ஏலம் முடிந்துவிட்டது.

அணிப் பெருக்கல் நிரல் முதல் கிழமையிலேயே போய்விட்டது. அதற்குக் காரணம் ஏலம் இல்லை, அண்ணா சொன்ன முறைதான். வரிசையில் தன் வேலை எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று இப்போது அவருக்குத் தெரிகிறது. இரவு வேலை முடிந்ததும் தானாக விடுகிறது, அடுத்தவருடையது தானாகத் தொடங்குகிறது. ஜிபியுக்களை 350 வாட்டிலிருந்து 280 வாட்டுக்குக் கட்டுப்படுத்தியும் வைத்திருக்கிறேன். அறைக்குள் நிற்க முடிகிறது. அம்மா இப்போது தூங்குகிறார்.

மாலைத் துண்டுகளில் நான் எதிர்பாராதது நடந்தது. செவ்வாய், புதனில் சில இரவுகள் யாருமே 10 சிப்பி தரவில்லை. இவ்வளவு நாளும் நாங்கள் சண்டை பிடித்தது வெள்ளி, சனிக்காக மட்டும் என்று விலையைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அசைபடக்காரர் ஒருவர் தன் வேலையைப் புதனுக்கு மாற்றிக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. மலிவு என்பதால் மாறினார்.

மடிக்கணினியில் ஓட்டிக் கொடுத்த அந்தப் பிள்ளை ஒரு மாதிரி தப்பித்துவிட்டாள். மற்ற இரண்டு மாணவர்களில் ஒருத்தி அவளுடைய தோழி. இந்தத் தோழி திருத்தப்பட்ட ஆய்வை அடுத்த வெள்ளி கொடுக்க வேண்டும். மூன்று கிழமையாக ஒன்றும் கேட்காமல் சேர்த்து வந்தாள். போன ஞாயிறு ஏலத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று மாலையும் எடுத்துவிட்டாள், கல்யாண வீடியோக்காரருக்கு எதிராக. முடிவு வந்ததும் பார்த்துவிட்டுச் சும்மா "சரி அக்கா" என்று எழுதினாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே வீதியில் நாலைந்து மான்கள் நின்றன, கோட்டைப் பக்கமிருந்து வந்திருக்கும்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். நேற்றுக் கடற்புல் அக்கா கேட்டார்: அவருக்கு ராம் போதும், சிப்பி 170 சும்மா கிடக்கிறது, அதில் 60ஐ அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று. மனது நல்ல மனது. ஆனால் கைமாற்றைத் திறந்துவிட்டால் நாளைக்கு யாராவது காசுக்குச் சிப்பி வாங்குவார்கள், நாலு பேர் சேர்ந்து ஒருவர் கையில் குவித்துக் கிண்ணியா வியாபாரிகள் மாதிரி நிற்பார்கள். மூடிவிட்டால் ஒரு அக்கா ஒரு பிள்ளைக்கு உதவுவதை நான் தடுக்கிறேன். இப்போதைக்கு "பொறுங்கள் அக்கா" என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன். கைமாற்றுக்கு ஆளுக்கு மாதம் இவ்வளவுதான் என்று ஒரு சின்ன வரம்பு வைத்தால் தாங்குமா? சனிக்கிழமை எட்டுப் பேரும் எங்கள் வீட்டில் கூடுகிறோம். அதற்கு முன் யாராவது சொன்னால் பெரிய உதவி.